பழைய தெருவில் புதிய எஃகு வீடு: சிங்கப்பூர்ச் சூழலில் முன்தயாரிப்புக் கட்டுமானம்

முன்னுரை

தொழிற்சாலையில் எஃகினால் செய்து முடித்து, சுமையுந்தில் ஏற்றிக் கொண்டுவந்து, குறித்த இடத்தில் பொருத்தப்படும் வீடு இன்று உலகின் பல நாடுகளில் வழக்கத்திற்கு வந்துள்ளது. இதனை முன்தயாரிப்பு எஃகு வீடு எனலாம். புதிதாக உருவாகும் நகர்ப்பகுதியில் இத்தகைய வீட்டை அமைப்பது ஒப்பீட்டளவில் எளிது. இருபுறமும் பழைய வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் மரபுவழிக் குடியிருப்பில் அமைக்க முற்படும்போது பல வினாக்கள் எழுகின்றன. இவ்வீடு அத்தெருவின் இயல்பைக் கெடுக்குமா? வெப்பமண்டல வெயிலையும் மழையையும் தாங்குமா? இதனைக் கட்டும் கைகள் யாருடையவை? இவ்வினாக்களைச் சிங்கப்பூர்ச் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளக்கத்திற்கு இரண்டு இடங்கள் துணைநிற்கின்றன. ஒன்று, தீவின் வடபகுதியிலுள்ள கிராஞ்சி. அதனையும் அதனை அடுத்த சுங்கை காடுட் வட்டாரத்தையும் தொழிற்கூடங்களும் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளும் நிறைத்துள்ளன. தமிழகத்திலிருந்து வந்து கட்டுமானத் துறையில் உழைப்போர் பலர் இத்தகைய விடுதிகளில் வாழ்கின்றனர். மற்றொன்று, அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் லிட்டில் இந்தியா. கிராஞ்சி நிலையத்தில் எம்ஆர்டி ஏறி, நியூட்டனில் தடம் மாறினால், அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. கட்டுவோர் தங்கும் இடம் ஒன்று. காக்கப்படும் பழைய தெரு மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதுதான் எஃகு வீட்டைப் பற்றிய வினா முழுமை பெறுகிறது.

மரபு எனப்படுவது யாது?

சிங்கப்பூரின் மரபுவழித் தெருவை உருவாக்கிய கட்டடம் கடைவீடு ஆகும். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் கூரையுடன் கூடிய நடைபாதை, நடுவில் வானம் திறந்த முற்றம் என்பன இதன் அடிப்படை உறுப்புகள். 1822இல் நகரமைப்பு குறித்து ராஃபிள்ஸ் வழங்கிய அறிவுறுத்தல்கள், செங்கல் வீடுகள் ஒவ்வொன்றும் தெருவை நோக்கி ஒரே அளவிலான தாழ்வாரத்தைக் கொண்டிருக்க வேண்டும் என்றும், அவை தடையின்றித் தொடர்ந்து செல்லும் நடைபாதையாக அமைய வேண்டும் என்றும் வகுத்தன. அதுவே 'ஐந்தடி நடைபாதை' என மக்கள் வழக்கில் நிலைபெற்றது.

கடைவீட்டின் அகலமும் தற்செயலானதன்று. பெரும்பாலான கடைவீடுகள் ஏறத்தாழ 5 முதல் 6 மீட்டர் அகலமுடையவை. பக்கச் சுவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடையில் தூணின்றி நீளும் மர உத்தரத்தின் அளவோடு இவ்வகலம் தொடர்புடையது. ஒரே அகலம், ஒரே தாழ்வாரம், ஒரே வகை ஓடு, ஒரே முறையிலான கதவு சன்னல் வரிசை என்று திரும்பத் திரும்பக் கட்டப்பட்ட வீடு இது. ஆகவே, 'மரபுவழி வீடு' என நாம் போற்றுவது ஒருவகையில் அளவு தரப்படுத்தப்பட்ட வீடே என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

1989 ஜூலை 7ஆம் நாள் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் மரபுடைமைக் காப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. நகர மறுசீரமைப்பு ஆணையம் இப்பகுதிகளை வகைப்படுத்தி, வகைக்கேற்ற விதிகளை வகுத்துள்ளது. லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் விதிகள் மிகக் கடுமையானவை. கட்டடம் முழுவதும் காக்கப்பட வேண்டும். எமரால்ட் ஹில் போன்ற குடியிருப்பு வரலாற்று வட்டாரங்களில், முன்கட்டடத்தின் கூரைக்குத் தாழ்ந்த பின்புற விரிவு அனுமதிக்கப்படுகிறது. ஜாலான் புசார், கேலாங், ஜூ சியாட் போன்றவை இரண்டாம்நிலைக் குடியிருப்புகள் எனப்படுகின்றன. நகர மையத்திலிருந்து வெளிநோக்கி வளர்ந்த பழைய புறநகர்கள் என இவற்றைக் கொள்ளலாம். இங்கு முன்கட்டடத்தைக் காத்து, பின்புறத்தில் அவ்வட்டாரத்திற்குரிய உயர வரம்புவரை புதிய பகுதியை எழுப்ப முடியும். காப்புப் பகுதிக்குள் இருந்தும் காப்புக் கட்டடமாக அறிவிக்கப்படாத மனைகளில் புதுக்கட்டடம் எழுப்பலாம். எனினும் அதன் உயரமும் தெருவோரக் கோடும் நடைபாதையும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

எனவே, முன்தயாரிப்பு எஃகு வீட்டுக்கு உரிய இடங்கள் தெளிவாகின்றன. அவை பழைய புறநகர்க் கடைவீட்டின் பின்புறமும், அத்தகைய வரிசையில் காலியாக உள்ள மனையுமாகும்.

இரும்பும் இந்திய உழைப்பும்

தொழிற்சாலையில் செய்து கப்பலில் வந்த இரும்பு சிங்கப்பூருக்குப் புதிதன்று. சிங்கப்பூர் ஆற்றின் குறுக்கே 1869இல் நிறைவுற்ற கேவனா பாலத்தின் இரும்புப் பகுதிகள் கிளாஸ்கோவில் செய்யப்பட்டு, அங்கேயே சோதிக்கப்பட்டு, பின்னர் இங்குக் கொண்டுவரப்பட்டன. இந்தியக் கைதிகளின் உழைப்பால் நிறைவேறிய இறுதிப் பெரும் பணியாக இப்பாலம் குறிக்கப்படுகிறது. 1894இல் எழுந்த தெலுக் ஆயர்ச் சந்தை, அதாவது இன்றைய லாவ் பா சாட், நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மேக்ரிட்சியின் வடிவமைப்பு. அதன் வார்ப்பிரும்புத் தூண்களும் வளைவுகளும் கிளாஸ்கோவின் வால்டர் மேக்ஃபார்லேன் நிறுவனத்தில் வார்க்கப்பட்டவை. நிலத்தடி ரயில் பணிக்காக 1986இல் இக்கட்டடத்தின் இரும்புப் பகுதிகள் பிரித்தெடுத்துப் பாதுகாக்கப்பட்டு, பின்னர் அதே இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. செங்கற் கட்டடத்தை இவ்வாறு பிரித்துச் சேர்த்தல் அரிது. பகுதிகளாகச் செய்து பூட்டப்பட்டது என்பதே அதனைக் காப்பதற்கும் வழியாயிற்று.

தமிழகத்துச் செட்டிநாட்டு வீடுகளும் இங்கு ஒப்புநோக்கத்தக்கவை. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பிரித்தானிய இரும்பு உத்தரங்களும் அவ்வீடுகளில் இடம்பெற்றன. ஆயினும் அவற்றை அயல்நாட்டு வீடுகள் என எவரும் கூறுவதில்லை. திண்ணையும் முற்றமும் அவற்றைச் சுற்றிய வாழ்க்கை ஒழுங்கும் அவற்றைத் தமிழர் வீடுகளாகவே நிலைநிறுத்தின. பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது எந்த ஒழுங்கிற்குள் அமைந்தது என்பதே ஒரு கட்டடத்தின் மரபுத்தன்மையை முடிவு செய்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

முன்தயாரிப்பின் மூவகை

முன்தயாரிப்பு என்பது ஒரே முறையைக் குறிப்பதன்று. தொழிற்சாலையில் எந்த அளவுக்கு வேலை முடிகிறது என்பதைக் கொண்டு அதனை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சட்டக முறை. தூண்களும் உத்தரங்களும் குறித்த நீளத்தில் வெட்டி, துளையிட்டு, வண்ணம் பூசி அனுப்பப்படும். மனையில் அவற்றைப் போல்ட்டுகளால் பூட்டுவர். இரண்டாவது, பலக முறை. மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த சட்டங்களால் சுவரும் தளமும் பலகங்களாக ஆக்கப்பட்டு வரும். மூன்றாவது, அறைக்கூறு முறை. சுவர், தரை, கூரை, கழிவறை, மின்கம்பி அனைத்தும் முடிந்த முழு அறையே பெட்டிபோல் வந்து அடுக்கப்படும்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980களின் தொடக்கத்திலிருந்தே முன்வார்ப்புக் கற்காரைப் பகுதிகளைப் பெருமளவில் பயன்படுத்தி வருகிறது. அறைக்கூறு முறை அதன்பின் வந்தது. 2014 முதல் அரசு விற்கும் நிலங்கள் சிலவற்றில் இம்முறை கட்டாயமாக்கப்பட்டது. சாங்கி விமான நிலையத்திலுள்ள கிரௌன் பிளாசா தங்குவிடுதியின் 10 மாடி விரிவும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நார்த் ஹில் மாணவர் விடுதியும் எஃகு அறைக்கூறுகளால் எழுந்த முன்னோடிக் கட்டடங்கள். இவை விரிந்த மனைகளில் அமைந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. பழைய தெருவின் நிலை வேறு.

இத்துறையில் இந்தியாவின் பட்டறிவும் நினைவுகூரத்தக்கது. 1948 முதல் 1951 வரை இந்திய அரசின் வீடமைப்பு இயக்குநராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், பிரிவினையால் இடம்பெயர்ந்தோருக்காக டெல்லியில் முன்தயாரிப்பு வீட்டுத் தொழிற்சாலை ஒன்றை முன்னின்று அமைத்தார். அம்முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பின்னர் அவர் வெப்பமண்டலக் கட்டடக்கலை அறிஞராகப் புகழ்பெற்று, 1963இல் ஐக்கிய நாடுகள் குழுவின் உறுப்பினராகச் சிங்கப்பூருக்கு வந்து நகரமைப்பு ஆலோசனை வழங்கினார். தொழிற்சாலையை முதலில் அமைத்துவிட்டு வீட்டை அதற்கேற்ப வளைப்பதில் உள்ள இடரை டெல்லி முயற்சி உணர்த்துகிறது எனலாம்.

அளவுகளின் சிக்கல்

பழைய தெருவில் வடிவமைப்பாளர் முதலில் கணக்கிட வேண்டியது அழகை அன்று, சாலையை. சிங்கப்பூரில் 3.4 மீட்டருக்கு மேல் அகலமான சுமை சாலையில் செல்லப் பாதுகாப்புத் துணை வண்டி தேவைப்படும். வண்டியையும் சேர்த்து உயரம் 4.5 மீட்டருக்குள் அடங்க வேண்டும். ஆகவே அறைக்கூறுகள் பொதுவாக இவ்வரம்புகளுக்குள் வடிவமைக்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மனையின் உள்ளகலம் 5.4 மீட்டர் எனக் கொள்வோம். இருபுறமும் அயலார் சுவரைத் தொடாமல் 10 செ.மீ. இடைவெளி விட்டால் எஞ்சுவது 5.2 மீட்டர். இது 3.4 மீட்டரைவிட மிகுதியாதலால் இரண்டு அறைக்கூறுகள் தேவை; ஒவ்வொன்றும் 2.6 மீட்டர் அகலமுடையதாகும். ஒவ்வொரு கூறின் இரு சுவர்களும் 15 செ.மீ. கனமானால், உள்ளே கிடைப்பது 2.3 மீட்டர் மட்டுமே. வீட்டின் நடுவே இரட்டைச் சுவர் ஒன்றும் எழுந்துவிடும். மரபுவழிக் கடைவீட்டின் சிறப்பே சுவருக்குச் சுவர் திறந்த அகலம்தான். விரைவை நாடி அறைக்கூறைத் தேர்ந்தால் அச்சிறப்பு இழக்கப்படும். நடுச்சுவரை நீக்கித் தூண்களை மட்டும் நிறுத்துதல் எஃகில் இயலும். ஆயினும் செலவும் உத்தரத்தின் ஆழமும் கூடும்.

பாரந்தூக்கியின் இடமும் ஒரு சிக்கலாகும். எஃகு அறைக்கூறு பொதுவாக 15 முதல் 20 டன் எடையுடையது; கற்காரைக் கூறு 20 முதல் 35 டன் வரை செல்லும். இத்தகைய எடையை எட்டத் தூக்கி வைக்கும் பாரந்தூக்கி கால்பரப்பி நிற்கக் குறுகிய பின்சந்தில் இடமிருப்பதில்லை. முன்தெருவை மூடினால் கடைகளின் வாணிகமும் மக்களின் போக்குவரத்தும் தடைப்படும்.

இவற்றைக் கருதும்போது, பழைய தெருவுக்குச் சட்டக முறையும் பலக முறையும் பொருத்தமானவை என்ற முடிவுக்கு வரலாம். ஏறத்தாழ 20 செ.மீ. ஆழமுள்ள எஃகு உத்தரம் 5.2 மீட்டர் அகலத்தை இடைத்தூணின்றித் தாண்டும். சிறிய வண்டியில் வந்து, சிறிய பாரந்தூக்கியால் ஏறி, போல்ட்டால் பூட்டப்படும். குளியலறை ஒன்றை மட்டும் முழுக் கூறாக வரவழைக்கலாம். மேலும், பழைய வீடுகளின் அடித்தளம் ஆழமற்றது. இரு வீடுகளின் உத்தரங்களும் பொதுச்சுவர் ஒன்றிலேயே தங்கியிருக்கும். புதுக்கட்டடத்தின் பாரத்தை அச்சுவரில் ஏற்றாமல் தனித் தூண்களில் நிறுத்துவதற்கு எடை குறைந்த எஃகுச் சட்டகம் உதவுகிறது. அயலார் வீட்டில் விரிசல் விழாமல் காப்பதும் மரபுக் காப்பின் ஒரு பகுதியே.

வெப்பம், மழை, நெருப்பு

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27.8 செல்சியஸ், ஆண்டு மழை ஏறத்தாழ 2,113 மி.மீ.; காற்றின் ஈரப்பதம் சராசரியாக 82 விழுக்காடு. இச்சூழலில் எஃகுக்கு மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, வெப்பக் கடத்தல். மரத்தைவிட எஃகு 300 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகிறது. வெளிச்சட்டமும் உட்சட்டமும் ஒரே எஃகால் தொடர்ந்தால் வெயில் நேரே அறைக்குள் வரும். குளிரூட்டிய அறையாயின், குளிர்ந்த சட்டத்தில் ஈரம் படிந்து நீர்த்துளியாகும். அதனால் துருவும் பூஞ்சையும் தோன்றும். ஆகவே சட்டத்திற்கு வெளியே தொடர்ச்சியான வெப்பத்தடுப்புப் படலம் அமைய வேண்டும். இரண்டாவது, துரு. துத்தநாகப் பூச்சும் அதன்மேல் வண்ணப் பூச்சும் இன்றியமையாதவை. வெட்டிய முனையிலும் துளையிட்ட இடத்திலும்தான் துரு முதலில் தொடங்குகிறது. எனவே துளையிடுதல் முழுவதும் தொழிற்சாலையிலேயே, பூச்சுக்கு முன்னரே முடிவது நன்று. மூன்றாவது, நெருப்பு. ஏறத்தாழ 550 முதல் 600 செல்சியஸ் வெப்பத்தில் எஃகு தன் வலிமையில் பாதியை இழக்கிறது. சுண்ணாம்புச்சத்துப் பலகை கொண்டு மூடுவதோ, சூட்டில் பொங்கி உறையாக மாறும் பூச்சு பூசுவதோ தேவைப்படுகிறது.

இவற்றுக்கான விடைகளில் சில நம் மரபிலேயே உள்ளன. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜான் புரூவே 1949இல் நைஜரின் நியாமேயிலும் 1951இல் பிரசாவில்லிலும் அமைத்த முன்தயாரிப்பு வெப்பமண்டல வீடுகள், மடித்த எஃகுத் தகட்டுச் சட்டகமும் அலுமினியச் சுவரும் கொண்டவை. அவற்றைச் சுற்றிலும் தாழ்வாரம் ஓடியது. கூரை இரண்டடுக்காக அமைந்து இடையே காற்றை ஓடவிட்டது. உலோக வீடு வெப்பமண்டலத்தை எதிர்கொண்டபோது தாழ்வாரத்தையே நாடியது என்பது சிந்திக்கத்தக்கது.

தெருவோடு கொள்ளும் உறவு

பழைய தெருவில் எஃகு வீடு அமைக்கும்போது பொய்யான பழைமை ஒருவகைத் தவறாகிறது. எஃகுச் சட்டத்தின்மேல் சிமெண்டுப் பூவேலை ஒட்டிப் பழைய வீடுபோல் காட்டுதல் இதில் அடங்கும். சுற்றியிருப்பதைப் பொருட்படுத்தாமல் கண்ணாடிப் பெட்டி ஒன்றை நிறுத்துவது மற்றொரு தவறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை மூன்று உறுப்புகளைக் கொண்டு விளக்கலாம்.

முதலாவது ஐந்தடி நடைபாதை. லிட்டில் இந்தியாவில் பூ தொடுப்பவரும் காய்கறி அடுக்குபவரும் மழைக்கு ஒதுங்குபவரும் பகிர்ந்துகொள்ளும் இடம் இது. மனை தனியாருடையது, வழி அனைவருக்கும் உரியது. தமிழர் வீட்டுத் திண்ணையின் பண்பும் இத்தகையதே. புதிய வீட்டின் நடைபாதைத் தளம் அயல்வீட்டுத் தளத்தோடு ஒரே மட்டத்தில் இணைய வேண்டும். ஒரு வீடு இதனை மறித்தாலும் தெரு முழுவதும் அறுபடும்.

இரண்டாவது முற்றம். வரிசை வீட்டின் நடுப்பகுதிக்கு ஒளியும் காற்றும் தரும் ஒரே வாயில் அதுவாகும். முன்கட்டடம் பழையதாகவும் பின்கட்டடம் எஃகாகவும் இருக்குமாயின், இரண்டையும் இணைக்கும் இடமாக முற்றத்தை வைப்பது சிறந்தது. பழைய செங்கற்சுவரும் புதிய எஃகும் ஒன்றையொன்று தொடாமல், ஒன்றையொன்று பார்த்து நிற்கும். வெப்பத்தில் எஃகு நீள்வதால் பழைய சுவரில் ஏற்படும் அழுத்தமும் இதனால் நீங்கும். 10 மீட்டர் நீள எஃகு 30 செல்சியஸ் மாற்றத்தில் ஏறத்தாழ 3.6 மி.மீ. நீள்கிறது. இது சிறிய அளவாயினும் சுண்ணாம்புப் பூச்சைப் பிளக்கப் போதுமானது.

மூன்றாவது தெருமுகத்தின் ஒழுங்கு. அகலம், மாடி உயரம், சன்னல்களின் எண்ணிக்கை, கூரைச் சரிவு ஆகியவை அயல்வீடுகளோடு ஒத்திருந்தால், பொருள் எஃகாக இருப்பினும் அவ்வீடு வரிசையில் ஓர் உறுப்பாகவே விளங்கும்.

கட்டுவோர்

முன்தயாரிப்பைச் சிங்கப்பூர் அரசு ஊக்குவிப்பதன் காரணங்களுள் ஒன்று வெளிநாட்டு ஊழியரைச் சார்ந்திருத்தலைக் குறைப்பதாகும். அறைக்கூறு முறையால் 40 விழுக்காடு வரை உற்பத்தித்திறன் உயரக்கூடும் எனக் கட்டட, கட்டுமான ஆணையம் மதிப்பிட்டுள்ளது. மனையில் இரைச்சலும் தூசியும் விபத்தும் குறைவது நன்மையே. உயரத்தில் சாரம் கட்டி உழைப்பதைவிடக் கூரையின்கீழ் உழைப்பது பாதுகாப்பானது. அதே வேளையில், சில கட்டடங்களுக்கான கூறுகள் ஜொகூரிலும் சீனாவிலும் செய்யப்படுவதால், வேலையின் ஒரு பகுதி தீவைவிட்டே செல்கிறது. கொத்துவேலையும் தச்சுவேலையும் கற்று வந்தவரிடம் பற்றவைத்தலும் பொருத்துதலும் எதிர்பார்க்கப்படுகின்றன. மறுபுறம், கடைவீட்டைக் காப்பதற்குச் சுண்ணாம்புப் பூச்சும் மரவேலையும் அறிந்தோர் இன்றியமையாதவர். பின்புறம் எஃகும் முன்புறம் பழைமையுமாக அமையும் வீட்டுக்கு இவ்விரு திறன்களும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

எஃகும் பலகமும் கொண்டு விரைந்து எழுப்பிய அறையில் வாழ்வது எப்படி என்பதை அறிந்தவர்களும் இத்தொழிலாளர்களே. 2020இல் கொவிட்-19 தொற்று தங்குவிடுதிகளில் பரவியபின், முன்தயாரிப்புக் கூறுகளைக் கொண்டு பல விடுதிகள் விரைவாகக் கட்டப்பட்டன. பொதுவசதிகளையும் சேர்த்து ஒருவருக்கு 4.5 சதுர மீட்டர் என்றிருந்த அளவு, அவ்விடுதிகளுக்குப் பொதுவசதி நீங்கலாக 6 சதுர மீட்டர் என அவ்வாண்டு உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அறைக்கு 10 பேர் என்ற வரம்பும் வகுக்கப்பட்டது. ஒரே தொழில்நுட்பம் நெருக்கமான விடுதியையும் தரலாம். காற்றோட்டமான வீட்டையும் தரலாம். அதனைத் தீர்மானிப்பது எஃகு அன்று. அளவை வகுப்போரின் எண்ணம்.

முடிவுரை

கிராஞ்சிக் குதிரைப்பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயம் நடைபெற்றது. அந்நிலம் வீடமைப்புக்கெனத் திட்டமிடப்பட்டுள்ளது. இதுவரை கட்டுவோரின் தங்குமிடமாக அறியப்பட்ட கிராஞ்சி, இனிக் குடும்பங்களின் புறநகராகவும் வளரவிருக்கிறது. அங்கு எழும் வீடுகள் தொழிற்சாலையில் பெருமளவு உருவானவையாகவே இருக்கக்கூடும். மழையில் நனையாமல் அயல்வீட்டுக்கு நடந்து செல்லும் வழியும், நடுவே ஒளி இறங்கும் முற்றமும், பழுதானால் ஒரு பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளும் எளிமையும் அவற்றில் இருக்குமா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

திண்ணை, தாழ்வாரம், முற்றம், உத்தரம் ஆகிய சொற்களைப் பாடநூலில் மட்டும் அறியும் மாணவர்க்கு, அவற்றைச் சிராங்கூன் சாலையின் நடைபாதையிலும் ஜாலான் புசாரின் கடைவீட்டிலும் காட்டிக் கற்பிக்கத் தமிழாசிரியருக்கு வாய்ப்புண்டு. அச்சொற்களின் பொருளை உணர்ந்த தலைமுறை வீடுகளை வடிவமைக்கும்போது, எஃகும் பழைய தெருவுக்கு உறவாகும்.